எழுதாத நாவலின் நான்காம் பதிப்பு

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அந்தப் பெண் தன் நாவலின் முதல் வரியை எழுதுவதற்கு முன்பே ஊரில் பாதிப் பேர் அதைப் படித்து முடித்திருந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து எழுதணும், எழுதணும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள்தான். ஆனால் பேனாவைத் தொட்டதில்லை. பதிப்பகத்துக்கே போய்க் கேட்டாள். பதிப்பாளர் அவள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைக் காட்டி, நான்காம் பதிப்பு அச்சில் இருப்பதாகச் சொல்லி, ஒரு பிரதியும் கொடுத்தார். அவள் விரித்தால் மட்டும் பக்கங்கள் வெறும் வெள்ளையாக இருந்தன. அச்சுக் கோளாறு என்று வேறொன்று கொடுத்தார். அதுவும் வெள்ளை.

முதலில் பெருமையாகத்தான் இருந்தது. புதுக் கண்ணாடியைப் போட்டுப் பார்ப்பவர்கள் அவள் புத்தகத்தைத்தான் பையிலிருந்து எடுத்தார்கள். ஆனால் கடைசிப் பக்கம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மருத்துவர் அறையிலிருந்து வெளியே வருகிறவரைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தார்கள். தங்கை ஒருநாள், "எப்படிக்கா மாமாவைப் போய்..." என்று ஆரம்பித்து, வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். மாமா என்றால் இவள் கணவர், பேருந்து ஓட்டுநர். அவரும் படித்திருந்தார். அதன் பிறகு வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று வீட்டை ஒருமுறை முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

"என்னங்க, கடைசியில என்னதான் ஆகுது?"

"எழுதினவ நீ. என்னைக் கேக்குற."

"நான் இன்னும் எழுதவே இல்லைங்க."

"அப்ப சீக்கிரம் எழுது," என்றார். "மழைக்காலம் வருது."

கடையில் ஆள் வராத மதிய வேளைகளில், இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே எழுதினாள். குழாயைத் திறந்ததுபோல் வரிகள் கொட்டின. மதியம் புதிதாக ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டு மாலையில் தெருவில் இறங்கினால், அதை யாராவது முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம் கடைசி அத்தியாயம் வந்தது. வெள்ளம், பாலம், பேருந்து, இடது காதுக்குக் கீழே மச்சமுள்ள ஓட்டுநர். கை தானாக ஓடியது. அதே மச்சமுள்ள அவள் கணவர் அந்நேரம் அதே தடத்தில்தான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். வலது மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்து, கோணல் எழுத்தில் எழுதினாள்: 'பாலத்துக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்திவிட்டு, முன்கண்ணாடியைத் துடைக்க இறங்கினார்.' மோசமான வாக்கியம் என்று அவளுக்கே தெரிந்தது. முற்றுப்புள்ளி வைத்தாள்.

மாலையில் அவர் தொப்பலாக நனைந்து வந்தார். பாலத்தின் நடுப்பகுதி கண்ணெதிரே ஆற்றோடு போனதாகவும், தான் ஏன் அங்கே இறங்கினோம் என்று தெரியவில்லை என்றும் சொல்லிவிட்டுத் துண்டு கேட்டார். அவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மறுநாள் ஊரில் யாருக்கும் அந்த நாவலைப் படித்து அழுத ஞாபகமே இல்லை. முடிவு கொஞ்சம் ஒட்டவைத்ததுபோல் இருக்கிறது என்று மட்டும் குறைபட்டுக்கொண்டார்கள். அவள் சந்தோஷமாக ஒப்புக்கொண்டாள்.

மழை ஓய்ந்து வெயில் ஏறிய ஒரு நாள், வாசிப்புக் கண்ணாடி வாங்க வந்த அம்மாள் சொன்னார்: "உன் ரெண்டாவது நாவலும் முடிச்சிட்டேன்மா. பொண்ணைப் பத்தி எழுதினியே, அது. படிச்சிட்டு ரெண்டு நாள் சாப்பாடே இறங்கலை."

அவளுக்குப் பெண் இல்லை. வயிற்றில் இருப்பதைக் கணவரிடம்கூட இன்னும் சொல்லியிருக்கவில்லை. அம்மாளுக்குக் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, முதலாளியிடம் சொல்லிக்கொண்டு, காகிதம் வாங்கப் போனாள்.