ஒற்றைக் கயிற்றில் கட்டிய படகு

சுருளிவேலுக்குச் சொந்த ஊர் உடும்பஞ்சோலை. ஏலக்காட்டில் வேலை குறைந்ததும் பாலக்காட்டுச் சமவெளிக்கு இறங்கி, எலப்புள்ளியிலிருந்து ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில் இருந்த அணையில் சுற்றுலாப் படகு ஓட்டினான். படகு பூபதிராஜாவுடையது. தங்க வேறு இடமில்லாததால் இரவில் படகைக் கரையில் கட்டிவிட்டு, அதன் சின்னக் கேபினிலேயே காவலாகப் படுத்துக்கொள்வான்.

சித்திரையில் மனைவி ஞானஜோதி பத்து நாள் லீவில் வந்தாள். மூன்று வருடத்தில் அதுவே முதல் தடவை. மலைக்குளிரில் வளர்ந்தவள். முதல் ராத்திரி தகரக் கூரையின் சூடு இறங்கவே இல்லை. உள்ளே மூச்சு முட்டி, விடியும்வரை வெளியே பலகையில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தெல்லாம் வேர்க்குரு. காலை பஸ்ஸுக்கே போய்விடுகிறேன் என்றாள். ஒரே ஒரு நாள் பொறுத்துக்கொள் என்று அவன் கெஞ்சினான்.

படகு கருங்கல் கரையை ஒட்டி, இரண்டு முனையிலும் கட்டிக் கிடந்தது. பகலெல்லாம் வெந்த கல் ராத்திரியெல்லாம் கேபினுக்குள் அனல் வீசியது. அன்று சாயங்காலம் அவன் படகைத் தள்ளிக் கொண்டுபோய், படகுத்துறையின் நுனியில் மூக்கை மட்டும் ஒற்றைக் கயிற்றில் கட்டினான். மேல்காற்று வந்ததும் படகு தானாகத் திரும்பி அதற்கு முகம் கொடுத்து நின்றது. கேபின் கூரையின் முன்பக்க மூடியைத் திறந்து, காற்று உள்ளே இறங்கும்படி ஞானஜோதியின் பழைய சேலையைப் புனல் மாதிரி அதன்மேல் கட்டினான். கூரைக்குச் சுண்ணாம்பு அடித்து, நனைத்த சாக்குகளை விரித்தான். சூடு ஆறாத எஞ்சின் மூடியின் மேலும் ஒன்றைப் போட்டான்.

அந்த ராத்திரி அவள் போர்வை கேட்டாள்.

மூன்று நாள் நன்றாகப் போயிற்று. நான்காம் நாள் பூபதிராஜா வந்தவர் கேபினுக்குள் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வெளியே வந்தார்.

"சுருளி, உள்ள ஏசி போட்டாப்பல இருக்குதப்பா. இன்னைலிருந்து ராத்திரி தங்கறக்கு இத விருந்தாளிகளுக்கு வாடகைக்கு உட்ரலாம். நீங்க ரெண்டு பேரும் லைஃப் ஜாக்கெட் வெக்கற ஷெட்டுல படுத்துக்குங்க. சாக்கு நனைக்கறத மட்டும் மறந்தராத."

ஷெட்டுக்கு ஜன்னல் கிடையாது. ஞானஜோதி கணவனின் முகத்தைப் பார்த்தாள்.

"சரிங்க மொதலாளி" என்றான் சுருளிவேல்.

அவர் போனதும் அவள் துணிகளைப் பையில் அடைத்தாள். அந்தச் சேலையை அவிழ்த்துத் தரச் சொன்னாள். விருந்தாளிகள் வரும் நேரம், வேறு சேலை வாங்கித் தருகிறேன் என்று அவன் தயங்கினான்.

"எனக்காகச் செஞ்சீகன்னு நெனச்சேன்" என்றாள். "அதத்தான் அவர்ட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம். குடுக்காட்டியும் போகுது, கேட்டாவது இருக்கலாம்ல."

பஸ் ஏற்றிவிட வருகிறேன் என்றான். விருந்தாளிகளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு அவள் தனியே நடந்தாள்.

அன்று வந்த கோயமுத்தூர் ஜோடி மறுநாள் காலையில் கேபினை மெச்சிப் பேசியது. சுருளிவேல் ராத்திரியெல்லாம் ஷெட்டில் புழுங்கிக் கிடந்திருந்தான்.

ஒரு மாதம் கழித்து, வேலையை விடுவதாகச் சொல்லத்தான் பூபதிராஜாவிடம் போனான். இன்னும் இரண்டு படகுகளை அதே மாதிரி தயார் பண்ணச் சொன்னார் அவர். சரிங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பினான்.

ஞானஜோதி எப்போதாவது போனில் பேசுவாள். மழை பெய்ததா, சாப்பிட்டாச்சா என்பதோடு சரி. மறுபடி எப்போது வருவாய் என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.