பதினைந்தாவது மட்டை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டது ஒரு கட்டுரை. எங்கள் வில்கா கிரீக் கால்ஃப் கிளப்பின் மாத மடலை நடத்துவது நோரீன் ரடக். ஆகஸ்டில் ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார். "நீதான் ஏதோ எழுதுவியாமே டாக்டர். நீள இரும்பு மட்டைய விட்டுட்டு ஹைப்ரிட்டுக்கு மாறினவங்களை எல்லாம் கேட்டு, அவங்க அனுபவத்த ஒரு பக்கம் எழுதிக் கொடேன்."

எழுதிக் கொடுத்தேன். இங்கிலீஷில். இந்த மாதம் அச்சாகியும் வந்துவிட்டது. நன்றாக இருப்பதாக நாலு பேர் சொன்னார்கள்.

அதில் எழுதாமல் விட்டதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன். இந்த ஊரிலிருந்து எந்தத் திசையில் நூற்றைம்பது கிலோமீட்டர் போனாலும் தமிழ் படிக்கிறவன் நான் ஒருவன்தான். அந்தத் தைரியம்.

(தைரியம் என்றா எழுதினேன்? இருக்கட்டும், அந்தச் சொல்லை அடிக்க வேண்டாம். பிறகு வந்து பார்த்துக்கொள்ளலாம்.)

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று தடவை முட்டி மோதினேன்.

முதல் முயற்சி: "செப்டம்பர் வெயிலில் கனோலா வயல்கள் மஞ்சளாக விரிந்து கிடக்க, தூரத்தில்" — வேண்டாம். காலண்டர் படம்.

இரண்டாவது முயற்சி, பாடப் புத்தகம் மாதிரி: "மூன்றாம் நம்பர் இரும்பு என்பது கத்தி போல மெலிந்த தலை கொண்ட நீள மட்டை. துளி பிசகினாலும் பந்து எழும்பாமல் தரையோடு ஓடும், அடித்தவன் கை முழங்கை வரை விண்ணென்று வலிக்கும். ஹைப்ரிட்டுக்கு முதுகுப்பக்கம் சதை உண்டு. சுமாராக அடித்தாலும் பந்தைத் தூக்கிக் கொடுத்துவிடும்." இதைக்கூட விட்டுவிடலாம். ஆனால் இதற்கு அடுத்த வரியை விட முடியாது: ஆட்டம் தொடங்கும்போது ஒருவர் பையில் பதினான்கு மட்டைக்கு மேல் இருக்கக் கூடாது. இது மட்டும் நினைவிருந்தால் போதும்.

மூன்றாவது முயற்சியில் ஆட்களைப் பேச விட்டேன். கோதுமை லாரி ஓட்டும் ஆஸியிடம், மாறிய பிறகு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"பொண்டாட்டி பேச்சைக் கேட்ட மாதிரி இருக்கு டாக்டர். நல்லாத்தான் இருக்கு. வெளிய சொல்லத்தான் முடியல."

கிளப் கேப்டன் லோர்னா கிட்டோ பீர் கிளாஸ்களைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அனுபவமா? முன்னாடி பந்து போகாது. இப்போ போகுது. எழுதிக்கோ."

மூலையில் உட்கார்ந்திருந்த டெஸ் ரடக், நோரீனின் கணவர், நான் கேட்காமலேயே பதில் சொன்னார். "என் பேரையும் போடு. டெஸ் மாறல. மாறவும் மாட்டான். அது மட்டை இல்லய்யா, சூப் ஊத்துற கரண்டி. கைல தெம்பு இருக்கிறவன் இரும்புல ஆடுவான்."

"உங்க சம்சாரமே ஹைப்ரிட்லதான ஆடறாங்க?"

"அதனாலதான் வீட்ல சூப் நல்லாருக்கு."

எல்லாரும் சிரித்தோம். இந்தத் தொடக்கமே போதும் என்று வைத்துக்கொள்கிறேன்.

3

டெஸ் என்ற பாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம் உண்டு.

வயது எழுபத்தொன்று. நகராட்சிக்குப் பெயர்ப் பலகை எழுதி ஓய்வு பெற்றவர். வலது தோள் தேய்ந்துபோய், வரும் டிசம்பரில் ஆபரேஷன். அதற்கப்புறம் மட்டை பிடிக்க முடியுமா என்று டாக்டர்களே கையை விரித்துவிட்டார்கள். கிளப் சுவரில் தொங்கும் வெற்றியாளர் பலகையில் வருடா வருடம் தங்க நிறத்தில் பெயர் எழுதுவது இவர்தான். முப்பத்தோரு வருடமாக எழுதுகிறார். அதில் இவர் பெயர் ஒரு தடவைகூட இல்லை.

(இப்படி ஒரு ஆளைக் கதையில் வைத்தால் 'ரொம்பத்தான் ஜோடிக்கிறான்' என்பீர்கள். நானும் தோளையாவது நல்லபடியாக வைக்கலாமா என்று பார்த்தேன். ஆனால் அந்தத் தோள்வலி இல்லாவிட்டால் கதையே நடந்திருக்காது.)

இந்த வருடம் மூத்தோர் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார். பதினெட்டுக் குழிகளில் அதிகக் குழிகளை ஜெயிப்பவருக்குக் கோப்பை. எதிராளி காலின். ஐம்பத்தெட்டு வயதுப் பல் மருத்துவர். ஆறு வருடங்களுக்கு முன்பே ஹைப்ரிட்டுக்கு மாறியவர். அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் டெஸ் அவரை வரவேற்பது ஒரே மாதிரிதான்: "வந்துட்டாருப்பா கரண்டிக்காரர்." காலினும் கூடவே சிரிப்பார். அவருக்கு அது ஒருநாளும் பிடித்ததில்லை.

4

மட்டை எப்படிப் பதினைந்து ஆயிற்று என்பது பின்னால்தான் தெரிந்தது. ஆனால் கதையில் இங்கேதான் வர வேண்டும்.

தோள்வலி தாங்காமல் டெஸ் ஆகஸ்டு கடைசியில், யாருக்கும் தெரியாமல், பக்கத்து டவுனுக்குப் போய் ஒரு ஹைப்ரிட் வாங்கி வந்திருக்கிறார். ஊரெல்லாம் கரண்டி கரண்டி என்று கேலி பேசிவிட்டு எந்த முகத்தோடு காட்டுவது? நோரீனிடம்கூடச் சொல்லவில்லை. ஷெட்டில் பழைய பூட்ஸ்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்து, ஆளில்லாத வார நாட்களில் அடித்துப் பழகியிருக்கிறார். இறுதி ஆட்டத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம் அதன் தலையில் ஒரு கம்பளிச் சாக்ஸை மாட்டிப் பையில் வைத்தார். மூன்றாம் நம்பர் இரும்பை எடுத்துச் சலவை அறைக் கதவுக்குப் பின்னால் சாத்தினார். எண்ணிப் பார்த்தார். பதினான்கு. கணக்குச் சரி.

மறுநாள் காலை நோரீன் துணி எடுக்கப் போனார். கதவுக்குப் பின்னால் அந்த இரும்பு. நாற்பது வருடமாகக் கணவர் உயிராக வைத்திருக்கும் மட்டை. ஐயோ பாவம், இன்றைக்குப் போய் மறந்துவிட்டாரே என்று ஓடிப்போய், வண்டியின் பின்னால் கிடந்த பையில் செருகிவிட்டு வந்தார்.

இதில் யார்மேல் குற்றம் சொல்வீர்கள்? நான் பலமுறை எழுதிப் பார்த்தேன். யார்மேலும் இல்லை. குற்றவாளியே இல்லாத கதையாகிவிடுமோ என்று அப்போது பயந்தேன்.

5

முதல் அடி அடிக்கும் இடத்தில் இரண்டு பைகளும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. காலினுக்கு ஒரு தொழில் வியாதி: வரிசையாக எதைக் கண்டாலும் எண்ணிவிடுவார். டெஸ்ஸின் பையில் இருந்த மட்டைகளை எண்ணினார். பதினைந்து. இன்னொரு தடவை எண்ணினார். பதினைந்தேதான்.

அந்த நிமிடத்தில் சொல்லியிருந்தால் டெஸ் ஒன்றை உருவி வண்டியில் போட்டிருப்பார். ஆட்டம் தொடங்கவில்லை, அதனால் தண்டனையும் கிடையாது. பத்து விநாடி வேலை.

காலின் சொல்லவில்லை.

[ஏன்? மூன்று காரணங்கள் எழுதிவைத்தேன். சாக்ஸ் மாட்டியிருந்தது மட்டைதானா என்று அவருக்கு உறுதியாகத் தெரியவில்லை. சொல்ல வாயெடுத்தபோது மேக்பைப் பறவை ஒன்று எல்லார் தலைமேலும் பாய்ந்து கவனம் கலைந்தது. அவர் இயல்பிலேயே கூச்ச சுபாவம். மூன்றையும் இப்போது படித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.]

நாலாவது குழியில், அணைக்குட்டைக்கு இந்தப் பக்கம், டெஸ் மெதுவாக சாக்ஸை உருவினார். பின்னால் வந்துகொண்டிருந்த பத்துப் பதினைந்து பேரும் அதைப் பார்த்துவிட்டார்கள்.

"என்ன டெஸ், கரண்டியா?" என்றார் காலின்.

"ஆமாய்யா, சூப் ஊத்த வந்திருக்கேன். கிண்ணத்த நீட்டு."

பந்து குட்டையைத் தாண்டி, குழி இருக்கும் கருமணல் தளத்தின் ஓரத்தில் போய் நின்றது. ஆஸி விசில் அடித்தார். டெஸ் முகத்தில் வெட்கமும் சந்தோஷமுமாக என்னவோ தெரிந்தது. அதன்பிறகு அவர் நிற்கவில்லை. பதினாறு குழி முடிந்தபோது இரண்டு குழி முன்னிலை, மிச்சம் இருப்பது இரண்டு. அதில் ஒன்றைச் சமன் செய்தாலே கோப்பை அவருக்கு.

அப்போது காலின் வாயைத் திறந்தார். "டெஸ், உங்க பையில எத்தனை மட்டை இருக்கு?"

டெஸ் சிரித்துக்கொண்டே எண்ண ஆரம்பித்தார். பாதியில் சிரிப்பு நின்றது. அந்த இரும்பைத் தொட்டு, "இது எப்படி இங்க வந்துச்சு?" என்றார். நாற்பது வருடம் அதைப் பையில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதுவரை அது உறுத்தவே இல்லை. கூட்டத்தில் நோரீன் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

லோர்னா கிட்டோ வந்தார். விதி தெளிவு: அதிக மட்டையோடு ஆடியதற்கு, ஜெயித்ததில் இரண்டு குழி கழிவு. ஆட்டம் சமம். ஆனால் அதற்கு முன்னால் அவர் காலினைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"இதை நான் கேட்டாகணும். நீ எப்போ பார்த்தே? முன்னாடியே தெரிஞ்சும் வாயை மூடிட்டிருந்தேன்னா, இப்போ வந்து கேட்க உனக்கு உரிமை கிடையாது."

"இப்போதான்" என்றார் காலின்.

"சத்தியமா?"

"இப்போதான் பார்த்தேன்."

ஒரு மட்டையை விலக்க வேண்டும். டெஸ் ஹைப்ரிட்டுக்கு சாக்ஸை மாட்டி லோர்னாவிடம் நீட்டினார். "இதுதான புதுசு, இது போகட்டும்." பதினேழாவது குழியில் மூன்றாம் நம்பர் இரும்பால் அடித்தார். தோள் பாதியில் மடங்கியது. பந்து தரையோடு ஓடிப் புதருக்குள் போயிற்று. அந்தக் குழி காலினுக்கு. கடைசிக் குழி சமன். காலின் ஒரு குழி வித்தியாசத்தில் ஜெயித்தார்.

6

காலின் என்று எங்கள் கிளப்பில் யாரும் இல்லை.

இந்த ஊரில் ஒரே ஒரு பல் டாக்டர்தான். இருபத்திரண்டு வருடமாக நான்தான்.

மூன்றாவது பகுதியில் அந்தப் பெயரை எழுதியபோது கை எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா. எவனோ ஒருவன் எண்ணினான், எவனோ ஒருவன் பொய் சொன்னான். கதை எழுதுகிறவனுக்கு இந்த வசதி ஒன்று உண்டு. அழித்துவிட்டு 'நான்' என்று போடலாமா என்று யோசித்தேன். வேண்டாம், நான் ஒளிந்துகொண்ட இடமும் உங்களுக்குத் தெரியட்டும்.

காரணமா? ஆறு வருடம் கரண்டிக்காரர் என்று கேட்டுக் கேட்டுப் புண்ணாகியிருந்தது. பதினைந்து என்று எண்ணியதும் உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அதை வைத்துக்கொள்ளலாம், தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. அவ்வளவுதான். அற்பத்தனம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

7

கட்டுரையைக் கொடுக்க நோரீன் வீட்டுக்குப் போனேன். அந்த ஆட்டத்துக்கப்புறம் அவர் கிளப் பக்கமே வரவில்லை. அவருடைய மட்டைப் பை, ஹைப்ரிட்களோடு, சலவை அறைக் கதவுக்குப் பின்னால் நின்றது.

டீயும் லாமிங்டன் கேக்கும் வைத்தார். கட்டுரையைப் படிக்காமல் மடித்து வைத்தார்.

"நான்தான் கெடுத்தேன் டாக்டர். துணிய எடுத்தோமா வந்தோமான்னு இருந்திருக்கலாம். முப்பத்தோரு வருஷம் ஊரான் பேரையெல்லாம் எழுதின மனுஷன்."

உள்ளேயிருந்து டெஸ் குரல் வந்தது: "விடு நோரீன். காலைல இன்னொரு தடவை எண்ணாதது நான்."

"நீங்க சும்மா இருங்க. யாராவது ஒருத்தராவது முதல்லயே பார்த்திருக்கக் கூடாதா" என்றார், என்னைப் பார்த்து. குற்றம் சாட்டவில்லை. அந்தம்மா மனதில் அப்படி ஒரு எண்ணமே இல்லை. ஆறுதலுக்கு நானும் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தார்.

"டீ நல்லாருக்கு" என்றேன்.

8

முடிவுகள்.

பல் டாக்டர் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று உண்மையைச் சொல்கிறான். ஒரு கணம் அமைதி. பிறகு டெஸ் அவனைக் கட்டி — இல்லை. டெஸ் அப்படிப்பட்டவர் இல்லை. கூட்டமும் அப்படிப்பட்டது இல்லை. அந்த டாக்டரிடம் அதன்பிறகு எவன் வாயைத் திறந்து காட்டுவான்?

அல்லது, லோர்னாவிடம் மட்டும் தனியாகச் சொல்கிறான். முடிவு மாற்றப்படுகிறது. டெஸ் தன் பெயரைத் தானே எழுத வேண்டும். எழுதுவாரா என்பது தெரியவில்லை. ஆனால் அன்றைக்கே நோரீன் தன் பையை எடுத்து வெளியே வைப்பார், அது மட்டும் நிச்சயம்.

அல்லது ஒன்றும் சொல்வதில்லை. பலகையில் என் பெயர் ஏறும். மரம் இருக்கும்வரை இருக்கும். எழுதியவர் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று எல்லாரும் சொல்வார்கள்.

இன்று வெள்ளிக்கிழமை. நாளைக் காலை ஒன்பது மணிக்குப் பெயர் எழுதுகிறார்கள். எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போதே தெரியும், எழுதிவிடுகிறேன். டெஸ் ஏணியில் நிற்கிறார். வலது முழங்கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருக்கிறார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நோரீன், பல நாட்களுக்குப் பிறகு முதல் தடவையாக, அவர் விழுந்துவிடக் கூடாதே என்று வந்திருக்கிறார். லோர்னா கிளாஸ்களைத் துடைக்கிறார். வருடம் எழுதியாயிற்று. அதற்குப் பக்கத்தில் காலி.

நான் வாசலில் நிற்கிறேன். இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. எனக்குத் தெரிந்தது இப்போது உங்களுக்கும் தெரியும். நீங்களும் எண்ணிவிட்டீர்கள். என்னைப் போலவே வாயை மூடிக்கொண்டு நிற்கிறீர்கள்.

டெஸ் திரும்பிப் பார்க்கிறார்.

"என்ன பேர் போடணும்? சொல்லுய்யா, பிரஷ்ல பெயிண்ட் காயுது."