நாற்பத்திரண்டாம் பக்கத்துக்கு இரண்டு பூச்சு

1

இந்தக் கதையின் முதல் பத்தி என்னிடம் இல்லை. அது ஒரு கொப்பியின் நாற்பத்திரண்டாம் பக்கத்துக்குப் பின்புறம் இருந்தது. இப்போது அந்தத் தாள் மட்டைபோல விறைத்து, ஒரு பெரிய நகம்போலப் பளபளக்கிறது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலும் ஓர் எழுத்துத் தெரியாது. அது எப்படி அப்படியானது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

கொப்பி ஸஃப்னாவுடையது. பத்தொன்பது வயது. பாலாவிச் சந்தியில், லொறிகள் திரும்புகிற இடத்துக்கு எதிரே, பரீனா ராத்தாவின் நகக் கடையில் வேலை செய்கிறாள். அவள் நான் இல்லை.

[இந்த வாக்கியத்தை மூன்று முறை வெட்டி, மூன்று முறையும் திரும்ப எழுதினேன். இருக்கட்டும்.]

2

தொலைந்த பத்தியை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன்.

தொடக்கம் ஒன்று: "பாலாவியில் காற்று ஒரு கையில் உப்பையும் மறு கையில் சீமெந்தையும்—" வேண்டாம். பஸ் ஜன்னலால் ஊரைப் பார்த்துவிட்டுப் போகிறவர் எழுதுகிற வாக்கியம்.

தொடக்கம் இரண்டு: "கூச்ச சுபாவமுள்ள ஒரு பிள்ளை இருந்தாள்." இதுவும் வேண்டாம். கூச்சம் என்று எழுதியவுடன் வாசிக்கிறவர்கள் இரக்கப்படத் தொடங்குகிறார்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு ஏழு மாதம் இருக்கும்போது ஸஃப்னா பள்ளிக்கூடத்தை விட்டாள். தான் எழுதிய கட்டுரையை வகுப்புக்கு முன்னால் உரத்து வாசிக்கச் சொன்னார்கள். ஒரு பாடவேளை முழுவதும் வாய் திறக்காமல் நின்றாள். மறுநாள் போகவில்லை. அவ்வளவுதான். கட்டுரை நன்றாக இருந்தது.

தொடக்கம் மூன்று போத்தல்களிலிருந்து வருகிறது. அதை வைத்துக்கொள்வோம்.

3

ஜெல் நகப்பூச்சில் அடியில் போடுகிற முதல் பூச்சுக்குப் பேஸ் என்று பெயர். முன்பு அது தண்ணீர்போல நிறமில்லாமல் இருந்தது. மேலே வருகிற சிவப்புக்கோ நீலத்துக்கோ பிடிப்புக் கொடுப்பது மட்டுமே அதன் வேலை. இப்போது பேஸே நிறத்தோடு வருகிறது. அதை மட்டும் இரண்டு பூச்சுப் போட்டு, மேலே மினுக்கத்துக்கு ஒன்று போட்டு விட்டுவிடலாம். நகம் நகமாகவே தெரியும். கொஞ்சம் நல்ல நகமாக.

கடையில் பதினொரு போத்தல்கள். அவற்றில் ஒட்டியிருந்த பெயர்கள் வேறு யாருடைய கைகளுக்கோ வைத்தவை என்பதால் ஸஃப்னா கொப்பியில் தன் பெயர்களை எழுதினாள். "உப்புப் பாத்தி" பால் வெள்ளை. கறுத்த கைக்குப் போட்டால் சுண்ணாம்பு அள்ளின கை மாதிரி இருக்கும். "பால் தேத்தண்ணி" இந்தப் பக்கத்தில் பாதிப் பேருக்குப் பொருந்தும். "கச்சான் தோல்", நிலக்கடலைத் தோலின் நிறம், மருதோண்டிச் சிவப்பு இன்னும் போகாத நகத்துக்கு.

"அவித்த இறால்" நீலத்துக்கு. லொறிக் கதவில் விரல் நசுங்கிய பளீலாவின் நகத்தில் மூன்று போத்தல் தோற்றபிறகு அதுதான் வென்றது. நீலத்தின் மேல் வெள்ளை போட்டால் சாம்பலாகும். ரோசா போட்டால் ஊதாவாகும். செம்மஞ்சள் கலந்த நிறம் மட்டுமே நீலத்தை அமுக்கும், அதுவும் இரண்டாம் பூச்சில்.

[இதை ஞாபகத்தில் வையுங்கள், பிறகு தேவைப்படும். கதையில் இப்படி முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்று எனக்கும் தெரியும்.]

நிறத்தை ட்யூப் லைட்டின் கீழ் தெரிவுசெய்யக் கூடாது. வந்தவரை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், வெயில் வெளிச்சத்தில் கையை நீட்டச் சொல்லவேண்டும். முதல் பூச்சு, தேய்த்த மாதிரி மெல்லிசாக. ஜெல்லை இறுக வைக்கிற லாம்பின் கீழ் அறுபது விநாடி. இரண்டாவதை ஒரு சொட்டாக வைத்து இழுத்து, அது தானாகப் பரவிச் சமமாகும்வரை பொறுத்திருக்கவேண்டும். தோலில் பட விடக் கூடாது. ஸஃப்னா பேசாமல் செய்யக்கூடிய வேலை இது. அதனால்தான் அவளுக்குப் பிடித்தது.

4

இனி நான் தயங்குகிற இடம்.

நகத்தில் பூச்சு இருந்தால் தண்ணீர் நகத்தில் படாது. வுழூ கூடாது. தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவுகிற அந்த வுழூ இல்லாமல் தொழ முடியாது. அதனால் எங்கள் பெண்களில் அனேகர் கடைக்கு வருவது மாதவிலக்கால் தொழுகை இல்லாத நாட்களில்தான். வந்து போட்டு, குளிக்கிற நாளுக்கு முன்னால் வந்து கழற்றிக்கொண்டு போவார்கள். சிவப்பு நகத்தோடு வீட்டுக்குப் போனால் வீடு முழுக்க நாளை எண்ணும். நிறப் பேஸ் போட்டால் யாருக்கும் தெரியாது. பரீனா ராத்தா வாங்கி வைத்த சிவப்புகள் அலுமாரியில் காய்ந்துகொண்டிருக்க, பேஸ் போத்தல்கள் மாதாமாதம் முடிவது இதனால்தான்.

கொப்பியில் எழுதச் சொன்னதும் பரீனா ராத்தாதான். ஒவ்வொருத்திக்கும் ஒரு பக்கம். போட்ட நாள், எந்தப் போத்தல், கழற்றிய நாள். பேஸ் எத்தனை நாள் கழலாமல் நிற்கிறது என்று பார்ப்பதற்காக. நல்ல யோசனை. ஆறு மாதம் எழுதியபிறகு ஒரு மத்தியானம் ஸஃப்னா பக்கங்களைப் புரட்டினாள். புரட்டப் புரட்டக் கை மெதுவானது. பேஸ் கணக்கு என்று நினைத்து, பாலாவிப் பெண்களின் நாட்காட்டியை எழுதி வைத்திருந்தாள்.

அதே கொப்பியைப் பின்புறமிருந்து திருப்பினால் அவளுடைய கதைகள் இருந்தன. அவை இருப்பது யாருக்கும் தெரியாது. இரண்டு பக்கத்தாலும் எழுதிக்கொண்டு வந்ததில், நாற்பத்திரண்டாம் பக்கத்துத் தாளில் இரண்டும் சந்தித்தன. தாளின் ஒரு முகத்தில் அவள் எழுதியவற்றிலேயே நல்ல தொடக்கம். மறு முகத்தில் நப்லா.

5

நப்லா என்று ஒருத்தி இல்லை. இருந்தாலும் இந்த நப்லா அவள் இல்லை. அவளுடைய போத்தலையும் மாதத்தையும் மாற்றிவிட்டேன்.

கல்யாணம் முடித்து நாலு வருடம். ஒருநாள் கையை லாம்புக்குள் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"ரெண்டு தரம் எனக்கு முந்தி எங்கட மாமி எண்ணிட்டா ஸஃப்னா. ஆறு கிழம ஆகல்ல, ரோட்டுக்கே சொல்லி முடிச்சா. பிறகு இல்லாமப் போனப்ப அதே ரோட்டு வந்து என்ட கட்டில்ல குந்தி அழுதிச்சி. நான்தான் எழும்பி அவங்களுக்குத் தேத்தண்ணி ஊத்தினன்."

லாம்பு அணைந்தது. கையை எடுக்கவில்லை.

"மூண்டாவது ஓமோ இல்லையோ, என்ட வாயால வந்தாத்தான் வெளிய வரோணும். விளங்குதா?"

ஸஃப்னா தலையை ஆட்டினாள். அவளைப் பொறுத்தவரை அது கையெழுத்துப் போட்ட மாதிரி.

6

கமறியா மாமி வருகிறார். நப்லாவின் மாமியார். கடை இருக்கிற அறை அவருடையது. பரீனா ராத்தா புத்தளம் டவுனுக்குச் சாமான் எடுக்கப் போயிருந்தார். கடையில் ஸஃப்னா தனியே. கொப்பி மேசையில், லாம்புக்குப் பக்கத்தில்.

"எனக்கும் என்னமாச்சும் போட்டு விடன் மகள்," என்று கதிரையில் உட்கார்ந்தார்.

"நீங்க தொழுவீங்களே மாமி."

"ஓம், தொழுவன். சும்மா கேட்டன்." குடையைச் சுவரில் சாய்த்தார். "நீ எல்லாத்தையும் கொப்பியில எழுதி வச்சிருக்கியாம். பரீனா பெருமையாச் சொன்னா. மருமகள் போன மாசம் வந்தாளா, அத மட்டும் பாத்துச் சொல்லு."

ஸஃப்னா கொப்பியின் மேல் கையை வைத்தாள்.

"ஒரு வார்த்த. நான் என்ன, களவெடுக்கவா சொல்றன்?"

பேசவில்லை.

"வாய்க்குள்ள என்ன, கச்சானா? பள்ளிக்கூடத்திலயும் இப்பிடித்தான் நிண்டியாம்."

அவருடைய முகம் ஒரு கழுகின்— இல்லை. முதல் பிரதியில் கமறியா மாமியைக் கெட்டவராகவே எழுதியிருந்தேன். எழுத மிகவும் சுகமாக இருந்தது. சந்தேகம் அங்கேதான் வந்தது. ஏனென்றால் அவர் அடுத்துச் சொன்னது இது:

"எங்கட காலத்தில மாமி கொடியில காயிற துணியப் பாத்தே எண்ணுவா. ஒம்பது வருசம் எண்ணினா. நான் ஒண்டும் கதைக்கல்லயே. மகன் றிஸ்கான் கிடைச்ச பிறகுதான் நிப்பாட்டினா."

ஒன்பது வருடம். அதைச் சொன்னபோது அவர் ஸஃப்னாவைப் பார்க்கவில்லை. வாசலில் திரும்புகிற லொறியைப் பார்த்தார். இதை எழுதியபிறகு கழுகை வெட்டினேன். ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஒருவருக்கு வலித்திருக்கிறது என்பது கொப்பியைத் திறந்து காட்டுவதற்குக் காரணமில்லை.

"இந்த ரூம் யாருடையதெண்டு பரீனாக்குத் தெரியும்," என்றார். "நீயும் தெரிஞ்சிக்க." கையை நீட்டினார்.

7

இந்த இடத்தில் ஸஃப்னாவுக்கு நான் நாலு வசனம் எழுதிக் கொடுக்கப் பார்த்தேன்.

"மாமி, அந்த ஒம்பது வருசமும் உங்களுக்கு எப்பிடி—"

"இது கடைக் கொப்பி, வேறாக்களுக்கு—"

"அவகிட்டயே கேளுங்களன்—"

நாலாவதை எழுதவே முடியவில்லை. வகுப்பில் வாசிக்க மறுத்த பிள்ளைக்குக் கதையில் மேடை போட்டுக் கொடுப்பது நியாயமில்லை. அவள் பேசவில்லை. செய்தாள்.

கொப்பியை எடுத்து, தானாகவே நாற்பத்திரண்டாம் பக்கத்தைத் திறந்து, மேசையில் விரித்தாள். கமறியா மாமி முகம் மலர்ந்து, கண்ணாடிக்காகக் கைப்பையைத் துழாவினார். கைப்பை பெரியது. ஸஃப்னா "அவித்த இறாலை"த் திறந்தாள். பேனை மை நீலம்.

முதல் தொடுகையில் மை கரைந்து ஓடியது. திகதிகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்தன. தாள் நனைந்து பின்பக்கத்துக்கு ஊறி, அங்கிருந்த எழுத்துகள் நிழலாகத் தெரிந்தன. அங்கே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பத்து நாள் எழுதி, வெட்டி, திரும்ப எழுதியது. தூரிகை ஒரு கணம் நின்றது. பிறகு நிற்கவில்லை. மேலிருந்து கீழ்வரை, விளிம்பு விடாமல்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்ட கமறியா மாமி, "அடி, என்ன செய்யிறாய் நீ?" என்று கொப்பியைப் பறிக்கக் கையை நீட்டினார். அந்த நேரம் பள்ளிவாசலில் மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு கேட்டது. பிசின்போல மினுங்குகிற தாளுக்கு ஒரு சாண் மேலே கை நின்றது. பட்டால் ஒட்டும். ஒட்டினால் வுழூ கூடாது. கையை இழுத்துக்கொண்டார்.

[லாம்பில் காட்டாத ஜெல் ஸ்பிரிட்டில் துடைத்தால் போய்விடும். ஸஃப்னா அதைச் சொல்லவில்லை.]

லாம்பைத் தூக்கிப் பக்கத்தின் மேலேயே கவிழ்த்தாள். ஊதா வெளிச்சம். அறுபது விநாடி. இடம் மாற்றி இன்னொரு அறுபது. பாங்கு முடிந்தது. லாம்பை எடுத்தபோது நீலம் இன்னும் மங்கலாகத் தெரிந்தது. அவள் திரும்பவும் தூரிகையை எடுத்தாள். அன்று மத்தியானம் அவள் சுயமாகச் சொன்ன ஒரே வசனம் இது:

"ரெண்டு பூச்சு போடோணும் மாமி. ஒண்டில நீலம் தெரியும்."

8

முடிவுகள்.

முதலாவது: கமறியா மாமி அழுகிறார், ஸஃப்னாவின் தலையைத் தடவுகிறார். டெலி நாடகத்தில் விளம்பரத்துக்கு முன்னால் வருவது. வெட்டினேன்.

இரண்டாவது: பல வருடம் கழித்து ஸஃப்னாவின் கதையைப் பாடப் புத்தகத்தில்— இதை எழுதியதற்கு எனக்கே வெட்கமாக இருக்கிறது.

நடந்தது இதுதான். கமறியா மாமி குடையை எடுத்தார். வாசலில் நின்று, "அந்தப் பக்கத்துக்குப் பின்னால என்னமோ எழுதியிருந்திச்சே, அது என்ன?" என்று கேட்டார். ஸஃப்னா போத்தலின் மூடியைத் திருகினாள். அடுத்த மாதம் அறையைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். பரீனா ராத்தா ஒருநாள் முழுக்க ஏசினார். "ஊமையெண்டு பாத்தா, ஊருக்கே பெரிய வாய்க்காரி நீதான்." மறுநாள் மேசையையும் லாம்பையும் தன் வீட்டு முன் ஹோலுக்குத் தூக்கிக்கொண்டு போனார், ஒரு நுனியை ஸஃப்னா பிடித்தாள். அங்கே வாசல் கிழக்குப் பார்த்தது. நிறம் பார்க்க வெளிச்சம் நல்லம். முதலில் வந்தது பளீலா. "நீதானே அந்தப் பக்கத்துக்கு நகம் போட்டவ," என்று சிரித்துக்கொண்டு கையை நீட்டினாள்.

9

நப்லாவுக்கு என்ன ஆனது?

இந்தக் கேள்வி வரும் என்று முதல் பத்தியிலேயே, அதாவது தொலைந்த முதல் பத்தியிலேயே, எனக்குத் தெரியும். அந்த மாதம் வந்தாளா, வரவில்லையா. கொப்பியின் கடைசி வரியில் திகதி இருந்ததா. சொல்லாமல் முடித்தால் கதை அரைகுறை என்பீர்கள்.

நீங்கள் இருக்கிற கதிரை கமறியா மாமி இருந்த அதே கதிரை. அவரைவிட நல்ல மனதோடு கேட்கிறீர்கள், அது எனக்குத் தெரியும். அவரும் நல்ல மனதோடுதான் வந்தார் என்று பளீலா சொல்கிறாள். இருக்கலாம். முடிவு நப்லாவுடையது. அவள் வாயால் வந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். வராவிட்டால் வரவில்லை.

வேறு எதையும் கேளுங்கள். எந்தப் போத்தல், எத்தனை பூச்சு, லாம்பில் எவ்வளவு நேரம். அதற்கெல்லாம் பதில் இருக்கிறது. கையைக் கொஞ்சம் வாசல் பக்கம் நீட்டுங்கள். இல்லை, இன்னும் வெளிச்சத்துக்கு. உங்களுக்கு "பால் தேத்தண்ணி" சரிவரும் என்று நினைக்கிறேன்.

பெயரும் திகதியும் எழுத மாட்டேன்.