அண்டைக் கல்

கை சுடுகிறது, எடுக்கவில்லை, காரின் பின்சக்கரத்து நடு இரும்பில் உள்ளங்கையைப் பதித்தபடி வாசலில் குந்தியிருக்கிறேன், காய்ச்சல்காரியின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல, வான்மதியின் நெற்றியை இப்படித்தான் தொட்டுக்கொண்டே இருந்தேன், அன்றைக்கும் எல்லோரும் சுற்றி நின்றார்கள், ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள், எதிர்வீட்டு ராஜமாணிக்கம் மாமா பப்பாளி இலையை இடித்துச் சாறு பிழிந்து டம்ளரோடு ஓடி வந்தார், ஒரே மடக்கு மாப்ள, டெங்குவாவது ஒண்ணாவது, அவள் குடித்தாள், என் மனைவி யார் எதைக் கொடுத்தாலும் முகம் கோணாமல் குடிப்பவள், அதே மாமா இப்போது லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பெட்ரோல் டாங்க் மூடியைத் திறக்கச் சொல்கிறார், கையில் அந்துருண்டைப் பொட்டலம், நாலு உருண்டைய உள்ள போடு மாப்ள, மைலேஜ் எகிறுதா இல்லையா பாரு, பீரோவில் போடுவதை வண்டியில் போடச் சொல்கிறார், இந்த மனிதருக்கு எதிலாவது எதையாவது போட்டாக வேண்டும், பொட்டலத்தைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தேன், அவர் திகைத்து நின்றார், நல்லதுக்குத்தானே சொன்னேன் என்றார், எல்லோரும் நல்லதுக்குத்தான் சொன்னார்கள், நல்லதுக்குச் சொல்லிச் சொல்லித்தான் அவளைக் கொண்டுபோய்ச் சுடுகாட்டில் வைத்தார்கள்.

அண்ணன் மட்டும் நல்லதுக்கு என்று சொல்லவில்லை, நேராகவே சொன்னான், சாப்பிட உட்கார்ந்தபோது, இது டாஸ்மாக் வாசல்ல நிக்க வேண்டிய வண்டிடா, நம்ம வாசல்ல நிக்குது, லிட்டருக்குப் பதினாறு குடுத்துட்டிருந்தது, இப்ப ஒம்போதுகூடத் தேறல, வித்துத் தொலை, நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அண்ணி ரசம் ஊற்றினாள், அது வான்மதியோட வண்டி என்றேன், தெரியும்டா, அதுக்காக நீ அதுக்குள்ளயே குடியிருக்கப் போறியா, சரி, மறுபடி பதினாறு குடுத்தா நீயே வச்சுக்க, இல்லேன்னா ஞாயித்துக்கிழமை பட்டுக்கோட்டைக்காரர் வர்றார், பேசாம சாவியக் குடுத்துடணும், சரியா, சரி என்றேன், அப்போதெல்லாம் எதற்கும் சரிதான் சொல்லிக்கொண்டிருந்தேன், இங்கே கையெழுத்துப் போடுங்க என்றார்கள், சரி, கொள்ளிச்சட்டியைப் பிடி என்றார்கள், சரி, திரும்பிப் பார்க்காமல் நட என்றார்கள், அதற்கும் சரி.

வண்டி ஏன் குடிக்கிறது என்று எனக்குத் தெரியும், கை சுட்ட அன்றே தெரியும், ஒருவரிடமும் சொல்லவில்லை, வான்மதி குன்னூர்க்காரி, அவள் அப்பா தேயிலைத் தோட்டத்து வேன் ஓட்டியவர், மலையில் வண்டி நின்றால் ஹேண்ட்பிரேக்கை நம்பாதே, இறங்கிச் சக்கரத்துக்கு அண்டைக் கல் கொடு என்று வளர்த்திருக்கிறார், அவள் கட்டிக்கொண்டு வந்ததோ தஞ்சாவூருக்கு, மேடு என்றால் ரயில்வே மேம்பாலம், பள்ளம் என்றால் தெருச் சாக்கடை, இந்த ஊரில் ஓட்டுவதற்கு அவள் குன்னூரிலிருந்து ஒரு கருங்கல்லைக் கொண்டுவந்து, பழைய பாவாடைத் துணியில் சுற்றி டிக்கியில் வைத்திருந்தாள், எங்கே நிறுத்தினாலும் ஹேண்ட்பிரேக்கைக் கறக்கென்று இழுத்துவிட்டு என்னைப் பார்ப்பாள், இறங்கிக் கல்லு குடுப்பா, அடியே இது தெற்கு வீதி, தண்ணிய ஊத்துனாகூட எந்தப் பக்கம் ஓடுறதுன்னு யோசிச்சு நிக்கும், பரவாயில்ல குடுப்பா, ஜவுளிக் கடை வாசலில், கல்யாண மண்டபத்தில், அத்தனை பேரும் பார்க்க, நான் கல்லை எடுத்துக்கொண்டு இறங்குவேன், என்ன சார் பிள்ளையார் ஊர்வலமா என்று ஒருத்தன் கேட்டான், அவள் ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள், சிரிக்கிறாள், அந்தத் தோள்கள் குலுங்குகின்றன.

காய்ச்சல் வருவதற்கு முந்தின வாரம் நிஜாம் பாய் ஒர்க்‌ஷாப்பில் நின்றுகொண்டு, பாய், ஹேண்ட்பிரேக் இன்னும் ரெண்டு சுத்து டைட் பண்ணுங்க என்கிறாள், தாங்காதும்மா, சக்கரத்தப் பிடிக்கும், பிடிக்கட்டும் பாய், பிடிக்கத்தானே பிரேக்கு, பாய் தலையில் அடித்துக்கொண்டு முடுக்கிவிட்டார், அதற்குப் பிறகு அவள் அந்த வண்டியை ஓட்டவே இல்லை, நான்தான் ஓட்டினேன், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும், கட்டையைப் பிடித்து இழுப்பதுபோல் ஒரு வண்டி, மேடே இல்லாத ஊரில் சரிவுக்குப் பயந்தாளே, கொசுவுக்குப் பயந்தாளா, அவள்மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை, முடுக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள், அவள் முடுக்கியது மட்டும் இன்னும் முடுக்கியபடியே பின்சக்கரத்தில் இருக்கிறது, நான் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் பின்னாலிருந்து பிடிக்கிறது, அதை எப்படி அவிழ்க்கச் சொல்வேன்.

ஆகவே பாயிடம் மைலேஜ் இல்லை, அண்ணன் வைத்த கெடு ஞாயிறு என்று மட்டும் சொன்னேன், அவர் பிளக்கை மாற்றினார், ஏர் ஃபில்டரைத் தட்டினால் அரைப்படி மண், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார், முப்பது வருஷ சர்வீஸ் தம்பி, சத்தத்தக் கேட்டே நோயச் சொல்லுவேன் என்றார், ஒன்றையும் சொல்லவில்லை, டயர்ல காத்து இல்ல தம்பி என்றார், டிக்கில பாரம் இருக்கான்னு பாருங்க என்றார், டிக்கியைத் திறந்தவர் கல்லைத் தூக்கினார், இதென்ன தம்பி, அம்மி செய்யப் போறீங்களா, இதச் சுமந்தா எப்படி மைலேஜ் குடுக்கும், கீழ வைங்க பாய், வண்டிக்குப் பாரம் தம்பி, கீழ வைய்யா என்று கத்தினேன், தெருவே திரும்பிப் பார்த்தது, வயதில் மூத்தவரை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, சொன்னேன், அவர் கல்லை இருந்த இடத்திலேயே வைத்துத் துணியாலும் மூடினார், ஒரு லிட்டர் பெட்ரோலை அளந்து பாட்டிலில் ஊற்றிக் குழாயை மாட்டி எவ்வளவு தூரம் வருகிறதென்று ஓட்டிப் பார்த்தோம், வல்லம் எட்டும் முன்பே நின்றுவிட்டது, சனிக்கிழமை, பொட்டல் வெயில், பாய் கீழே இறங்கி வேட்டியால் முகம் துடைத்தபடி வந்தவர் பின்சக்கரத்தில் கையை ஊன்றினார், ஆ என்று உதறினார், தம்பி, இது காய்ச்சலால்ல அடிக்குது, கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார், அம்மா டைட் பண்ணச் சொன்னது, இல்லையா, ஒங்களுக்குத் தெரியும்தானே என்றார், நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், லாரிகள் போயின, விடவா தம்பி, நீங்க சொல்லாம விடமாட்டேன், நாளைக்கு ஆள் வர்றாருல்ல, பிடித்தபடியே இருந்தால் வண்டி போய்விடும், விட்டால் வண்டி இருக்கும், அவள் பிடித்தது போய்விடும், இது என்ன நியாயம், எவன் வைத்த நியாயம், வானத்தைப் பார்த்துக் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன், பாய் காதில் வாங்காததுபோல் காத்திருந்தார், விடுங்க என்றேன்.

வண்டிக்கடியில் படுத்துத் திருகினார், சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றினார், அது சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது, மறுபடி பாட்டிலை நிரப்பி ஓட்டினோம், வல்லம் போயிற்று, செங்கிப்பட்டியும் தாண்டித்தான் நின்றது, பாய் இறங்கிப் போய்ச் சக்கரத்தைத் தொட்டார், முகமெல்லாம் சிரிப்பு, தம்பி, இங்க வந்து பாருங்க, சூடு விட்டுடுச்சு, அந்தச் சொல், அதே சொல், ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணி ஓடி வருகிறாள், காய்ச்சல் விட்டுடுச்சு, தொட்டுப் பாத்தேன், நெத்தி சில்லுன்னு இருக்கு, அண்ணன் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுக்கிறான், மாமா பப்பாளி இலையின் பெருமையைப் பேசுகிறார், நானும் சிரிக்கிறேன், டீயில் சர்க்கரை தூக்கல், காய்ச்சல் விடும்போதுதான் ஆபத்தே தொடங்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார், பிறகு, எல்லாம் முடிந்த பிறகு, மெதுவான குரலில், அந்த மெதுவான குரலை நான் மன்னிக்கப்போவதில்லை, என்ன தம்பி, தொட்டுப் பாருங்க என்கிறார் பாய், போலாம் பாய் என்றேன், அவர் அங்கிருந்தே அண்ணனுக்குப் போன் போட்டார், பதினாறு தாண்டிடுச்சு சார், பட்டுக்கோட்டைக்காரர வர வேணாம்னு சொல்லிடுங்க.

திரும்பும்போது வண்டி காலை எடுத்தாலும் தானே ஓடியது, அந்த லேசு எனக்குப் பிடிக்கவில்லை, பாயை ஒர்க்‌ஷாப்பில் இறக்கிவிட்டு மேம்பாலம் ஏறினேன், பாதி மேட்டில் நெரிசல், அவளைப்போல் ஹேண்ட்பிரேக்கைக் கறக்கென்று இழுத்துவிட்டுக் காலை எடுத்தேன், வண்டி பின்னால் நழுவியது, பின்னாலிருந்த ஷேர் ஆட்டோக்காரர் தலையை நீட்டினார், யோவ், வண்டி வருதுய்யா, கல்லு குடுக்க ஆள் இல்லயா, பிரேக்கை மிதித்தேன், ஆள் இல்லய்யா, ஆள் இல்ல என்று கத்தினேன், கண்ணாடி ஏற்றியிருந்தது, அவருக்குக் கேட்டிருக்காது, ஹாரன்கள் அடித்தன, நான் மிதித்தபடியே இருந்தேன்.

வாசலுக்கு முன்னால் சாக்கடைமேல் போட்ட சிமெண்டுச் சரிவில் ஏற்றி நிறுத்தினேன், அண்ணன் படியில் நின்றான், அப்பறம் என்னடா, ஜெயிச்சுட்டியே என்றான், நான் டிக்கியைத் திறந்து பாவாடைத் துணியைப் பிரித்தேன், குடுப்பா என்றது அந்தக் கல், குந்தி உட்கார்ந்து சக்கரத்துக்குப் பின்னால் வைத்தேன், வைக்கும்போது கை நடு இரும்பில் பட்டது, சில்லென்று இருந்தது, சுட்டபோது எடுக்காத கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன், பிறகு இரண்டு கைகளாலும் கல்லை, போகாதே, போகாதே என்று, இன்னும் உள்ளே தள்ளினேன்.