வெள்ளை ஏப்ரனில் சிவப்பு

சிட்னியில், ஹோம்புஷ் வாடகை வீட்டின் கூடத்தில் அன்று நான்கு பேர் இருந்தார்கள். மேசையின் தலைப்பக்கம், வீட்டைப் பார்வையிட வந்த ஏஜென்ட் கிரெக். அவனுக்கு வலப்பக்கம் யோகாவும் அவள் கணவன் அருந்தவனும். கதவோரக் கதிரையின் நுனியில், வாராவாரம் வீடு துப்பரவு செய்ய வரும் ஜெய்னம்பு. எதிரே, சுவரையே அடைத்துக்கொண்டு, பெல்ஜியத்தில் நெய்த பழைய சித்திரத் திரை. அதில் குடியானவர்கள் கோதுமை அறுத்தார்கள். ஒருவன் சாடியோடு வைக்கோலில் சாய்ந்து கிடந்தான். கதிர் கட்டுகிறவளின் வெள்ளை ஏப்ரனில் மட்டும் சிவப்புத் திட்டுகள்.

வீட்டுக்காரக் கிழவி மெல்பேர்னில் மகளோடு இருந்தாள். தாய்வழி வந்த அந்தத் திரையில் விரல் படக்கூடாது என்று சொல்லித்தான் இவர்களுக்கு வீட்டைக் கொடுத்திருந்தாள்.

“துடைக்கிற ஆள் நீதானே?” கிரெக் ஆங்கிலத்தில் ஜெய்னம்புவைக் கேட்டான். “நாளைக்கு ஓனருக்கு ரிப்போர்ட் போடுவேன். இனி எங்கள் எந்த வீட்டிலும் உனக்கு வேலை இல்லை.”

ஜெய்னம்பு யோகாவின் பக்கம் திரும்பினாள். “சொல்லுங்க தங்கச்சி, நான் அதில கையே வெக்கல்ல.”

குடிவந்து பால் காய்ச்சின அன்று மாவிலையால் அறையறையாக மஞ்சள் தண்ணீர் தெளித்தவள் யோகாதான். வீசின வீச்சில் நாலு துளி திரையில் விழுந்துவிட்டது. அருந்தவன் அவசரப்பட்டு சோப் போட்டுத் தேய்த்தான். மஞ்சள் போகவில்லை, இரத்தமாய்ச் சிவந்தது.

அவள் வாய் திறக்குமுன் அருந்தவன் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தான். கிரெக் எழுந்து போய்விட்டான்.

ஜெய்னம்பு கைப்பையை எடுத்தாள். “வாளி குசினிக்குள்ள அடுப்புக்குப் பக்கத்துல இரிக்கி. இனி நீங்களே துடைங்க.”

கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

“பொத்திக்கொண்டு இரு,” என்றான் அருந்தவன். “இந்த வீட்டால எழுப்பிவிட்டா வேற வீட்டுக்கு எங்க போறது?”

“அந்த மனிசி வேலைக்கு எங்கயப்பா போறது?”

“பெரிய நீதவான் இவ!”

“ஓம். பேனையைத் தாங்கோ.”

வீட்டுக்காரக் கிழவிக்கு ஈமெயில் கிடையாது, எல்லாம் தபால்தான். யோகா நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதினாள்: பால், மாவிலை, துளி, சோப். ஜெய்னம்பு திரையைத் தொடவேயில்லை என்பதைத் தனி வரியாக எழுதிக் கீழே கோடிட்டாள்.

அருந்தவன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். “என்ர பேரை எழுதாதை.”

“எழுதியாச்சு.”

அவன் கடிதத்தைப் பறிக்கக் கை நீட்டினான். அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். தபால் கந்தோர் பூட்டுமுன் எக்ஸ்பிரஸ் உறை வாங்கி, அதன் விளிம்பை இரண்டு தரம் அழுத்தி ஒட்டினாள். வெளியே நின்ற மஞ்சள் எக்ஸ்பிரஸ் தபால்பெட்டியின் வாயில் உறையைப் பாதி நுழைத்தாள். மீதியையும் தள்ளிவிட்டாள்.