ஒயின் அலமாரியில் ஊறிய டயர்

ஆம்ப்ரோஸ் எதைச் சொன்னாலும் ரிச்சர்ட்ஸ் டவுனில் அதை எட்டால் வகுத்துத்தான் கேட்பார்கள். நந்தி மலையில் சிறுத்தை துரத்தியது என்றால் நாய் துரத்தியது என்று பொருள். நாய் துரத்தியது என்றால் அந்த நாய் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது என்று பொருள். மனைவி ஹில்டா மட்டும் பத்தால் வகுப்பாள். கூடவே குடித்தனம் நடத்தியவள் அல்லவா!

இந்த எழுபது வயதுப் புளுகுணி தன் வாழ்க்கையில் ஒரே ஒரு உண்மையைக் கூட்டாமல் குறைக்காமல் வைத்திருந்தார். அதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அதையும் எட்டால் வகுத்துவிடுவார்களே என்ற பயம். முக்கியமாக, எதிர்த் தெரு கிளிஃபர்ட்.

அந்தக் கிளிஃபர்ட் அடுத்த புதன்கிழமை கடல் தாண்டி பெர்த்துக்குப் போகிறார், மகள் வீட்டோடு, ஒரேயடியாக. போவதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் பழைய ரேஸ் சைக்கிள்களில் அல்சூர் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றுவது என்று முடிவாகியிருந்தது. ஆம்ப்ரோஸுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். அந்த ஒரு சுற்றுக்காவது கிளிஃபர்டின் டயரைத் தான் ஒட்டவேண்டும். நாற்பத்துநான்கு வருடமாகக் கிளிஃபர்ட் தன் சக்கரத்தை அவர் கையில் கொடுத்ததில்லை.

அந்தச் சைக்கிள்களுக்குச் சாதாரண டயர் ஏறாது. ரிம்மில் டயரைக் கவ்விப் பிடிக்க விளிம்பே கிடையாது, வழுக்கைத் தலை மாதிரி இருக்கும். டியூபுலர்தான் போடவேண்டும். டியூபை உள்ளே வைத்துத் தலையணை உறை போலச் சுற்றித் தைத்த டயர் அது. ரிம்மில் கோந்து பூசி ஒட்டவேண்டும். கோந்து பிடித்தால் தார் ரோடு பட்டுப்பாயாகிவிடும். பிடிக்காவிட்டால் திருப்பத்தில் டயர் ஒரு பக்கம் போகும், ஆள் ஒரு பக்கம் போவான்.

அதனால்தான் கோச் கிருஷ்ணப்பா அந்தக் காலத்தில் அவர்களுடைய சைக்கிள் கிளப்பில் ஒரு சட்டம் வைத்திருந்தார். தன் டயரைத் தானே ஒட்டக்கூடாது, எதிராளிதான் ஒட்டவேண்டும். "நின்னது ஆதரெ, உன்னுதுன்னா, சோம்பேறித்தனம் பண்ணுவே. அடுத்தவன் கழுத்துன்னா கை தானா மூணு பூச்சு பூசும்" என்று கன்னடமும் தமிழும் கலந்து அதட்டுவார். போட்டி போடுகிறவர்கள் முந்தின நாள் உட்கார்ந்து ஒருவர் டயரை ஒருவர் ஒட்டும் கூத்து உலகத்தில் வேறெங்கும் இருந்திருக்காது.

1981. ஏரியைச் சுற்றி இருபது சுற்று. ஜெயித்தவனுக்கு மாநில அணியில் இடம். கடைசிச் சுற்றில் கிளிஃபர்ட் முன்னால், ஆம்ப்ரோஸ் பின்னால். குருத்வாரா திருப்பத்தில் கிளிஃபர்டின் முன் டயர் ரிம்மை விட்டுக் கழன்றது. கழன்ற டயர் உருண்டுகொண்டே டிரினிட்டி சர்ச் வரை போனதாக ஆம்ப்ரோஸ் சொல்வார். எட்டால் வகுத்தால் நடைபாதை வரை. கிளிஃபர்டின் தோளெலும்பு முறிந்தது. ஆம்ப்ரோஸ் ஜெயித்தார்.

ஆஸ்பத்திரியில் கிளிஃபர்ட் சொன்னது ஒரே வாக்கியம். "நல்லா ஒட்டினே மேன்."

அதற்குப் பிறகு நட்பு விட்டுப்போகவில்லை. ஒருவர் பிள்ளைக்கு ஒருவர் ஞானத்தகப்பன். கல்யாணம், சாவு எல்லாவற்றிலும் ஒன்றாகவே நின்றார்கள். ஆனால் அன்றிலிருந்து கிளிஃபர்டின் வாயில் ஆம்ப்ரோஸின் பெயர் 'வின்னர் சார்'.

அவர் சொல்லாமல் வைத்திருந்த உண்மை இதுதான். அன்று ஒட்டும்போது கையில் இரண்டு டயர் இருந்தன. ஒன்று கடையிலிருந்து அப்படியே வந்த, ஊறாத பச்சை டயர். இன்னொன்று இரண்டு வருடம் ஊறியது. டயரும் ஒயினும் ஒரே ஜாதி, இருட்டில் வைத்தால் ரப்பர் இறுகும், முள் ஏறாது என்று ரேஸ்காரர்கள் சத்தியம் செய்த காலம் அது. ஆம்ப்ரோஸ் ஒரு ஜோடியை அம்மாவின் கிறிஸ்துமஸ் ஒயின் அலமாரியில், திராட்சை ஜாடிகளுக்கு நடுவே ஊறவைத்திருந்தார். அதிலிருந்து ஒன்றை எடுத்துக் கிளிஃபர்டின் முன் சக்கரத்துக்கு ஒட்டினார். பச்சை டயரைத் தனக்கு வைத்துக்கொண்டார். பச்சை ஜெயித்தது, ஊறினது கழன்றது. தன் கைதான் எங்கோ தப்புப் பண்ணிவிட்டது என்று அவரே நம்பினார். ஜோடியில் மிச்சமிருந்த டயரை அப்புறம் எடுத்துப் பார்க்கவும் மனம் வரவில்லை.

வியாழக்கிழமை காலையில் மல்லேஸ்வரத்தில் தர்ஷினி என்ற பெண் நடத்தும் சைக்கிள் கடைக்குப் போனார்.

"டியூப்லெஸ் போட்டுக்கோங்க அங்கிள். டியூபுலரை இப்ப யாரும் கேக்கறதே இல்ல," என்றாள் அவள்.

"நான் கேக்கல மா, ரிம் கேக்குது."

உள்ளே போய் மூன்று வகை எடுத்துவந்தாள். ஆம்ப்ரோஸ் ஒவ்வொன்றையும் மோந்து பார்த்தார், காதருகே வைத்துத் தட்டினார், கன்னத்தில் தேய்த்தார். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட ஹில்டாவை அவர் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. முதலாவது தடித்த டயர். "இது எருமை. பஞ்சர் ஆகாது, நகரவும் நகராது." அடுத்தது சுண்டுவிரல் தடிமன். "இது இருபது வயசுப் பையனுக்கு. எங்க இடுப்புக்கு ஆகாது." மூன்றாவது பருத்தி நூலில் நெய்தது, இருபத்தைந்து மில்லிமீட்டர் அகலம். அமுக்கினால் இட்லி மாதிரி உள்வாங்கி எழுந்தது. அதைக் கீழே வைக்க அவருக்கு மனமில்லை.

"இதுலயே ஊறினது இருக்கா மா?"

"ஊறினதா? இதென்ன மாங்காவா அங்கிள்?"

அலமாரிக் கதையைச் சொன்னார். ஜாடிகள் நூறு என்றார், வாசனை ரயில்வே ஸ்டேஷன் வரை அடிக்கும் என்றார். அவள் அதையெல்லாம் விட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்த அலமாரி குளுகுளுன்னு இருக்குமா?"

"இருக்கும். பின்னாடி சுவத்துக்கு அந்தப் பக்கம் கேக் சுடற அடுப்பு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார்.

"அய்யோ! சூடு பட்டா போச்சு அங்கிள். டயருக்கு அடியில துணி நாடா ஒண்ணு ஒட்டியிருக்கும் பாருங்க, அதுலதானே கோந்து பிடிக்கும்? அது காஞ்சு டயரை விட்டு உரிஞ்சிடும். உங்க கோந்து கெட்டியாவே இருக்கும். நாடா ரிம்மோட நிக்கும், டயர் மட்டும் போயிடும்."

ரேஸில் கோணிப்போன கிளிஃபர்டின் சக்கரத்தை ஆம்ப்ரோஸ்தான் அன்று வீட்டுக்குத் தூக்கிவந்தார். ரிம்மைச் சுற்றி ஒரு துணி நாடா, பிய்க்க முடியாதபடி ஒட்டியே இருந்தது. அது என்னவென்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. கடைக்குள்ளேயே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"தண்ணி வேணுமா அங்கிள்?"

"வேணாம் மா. அந்தக் காட்டன்ல ரெண்டு ஜோடி குடு."

வீட்டுக்கு வந்ததும் ஹில்டாவின் ஜாடிகளை ஒவ்வொன்றாக இறக்கினார். "என்னங்க, கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு!" என்று அவள் கத்தினாள். அலமாரியின் கோடியில், பழுப்பேறிய காகிதச் சுற்றில் அந்த டயர் கிடந்தது. சுற்றின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.

"இது மாமி கையெழுத்தாச்சே," என்றாள் ஹில்டா.

ஃபோன் போட்டதும் கால் மணி நேரத்தில் கிளிஃபர்ட் வந்தார். வாசலிலேயே ஆரம்பித்தார். "இன்னா வின்னர் சார், அவசரம்? டயர் நான் ஏற்கெனவே பாத்து வெச்சிட்டேன். ஒட்டறதும் நானே ஒட்டிக்கறேன்."

"உக்காருடா. எண்பத்தொண்ணுல உனக்கு ஒட்டினது என்கிட்ட இருந்ததுலயே பெஸ்ட் டயரு. ரெண்டு வருஷம் உனக்குன்னே ஊறவெச்சது."

"நக்கோ மேன். இந்த வயசுல புதுக் கதை வேணாம்."

"அண்ணா, இதைப் பாருங்க," என்று ஹில்டா காகிதச் சுற்றை நீட்டினாள்.

ஆம்ப்ரோஸின் அம்மா ஒயின் ஜாடிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுவாள். ஃபாதருக்கு, டாக்டருக்கு, சின்ன அத்தைக்கு என்று. மகன் கொண்டுவந்து வைத்த டயரையும் அவள் விடவில்லை. மை மங்கிய எழுத்து, ஆனால் படிக்க முடிந்தது. 'கிளிஃபர்ட் தம்பிக்கு. ஜோடி. வேறு யாரும் தொடக்கூடாது. ஈஸ்டர் 1979.'

கிளிஃபர்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி மறுபடி படித்தார். காகிதத்தைப் பிரித்து டயரை மெல்ல வளைத்தார். அது அப்பளம் மாதிரி நொறுங்கியது. அடியிலிருந்த நாடா முழுசாக உரிந்து அவர் மடியில் விழுந்தது.

"அடுப்புச் சூடுடா," என்றார் ஆம்ப்ரோஸ். அதற்குமேல் ஒரு வார்த்தை கூட்டவில்லை. ஹில்டாவே திரும்பிப் பார்த்தாள்.

மடியில் கிடந்த நாடாவைக் கிளிஃபர்ட் எடுத்து விரலில் சுற்றினார். "நீ சொன்னா எட்டால வகுக்கலாம். ஆன்ட்டி எழுதினத எதால வகுக்கறது மேன்?"

எழுந்து வாசல் வரை போனவர் நின்றார். "காலைல வீல் எடுத்துட்டு வரேன். மூணு பூச்சு. பக்கத்துல உக்காந்து எண்ணுவேன்."

வெள்ளிக்கிழமை பகல் முழுவதும் வெயில் விழும் வராந்தாவில் இரண்டு கிழவர்களும் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தார்கள். பூசுவது, காயவிடுவது, காப்பி, மறுபடி பூசுவது. ஆம்ப்ரோஸின் டயரைக் கிளிஃபர்ட் ஒட்டினார், கிளிஃபர்டின் டயரை ஆம்ப்ரோஸ். கோந்து வாசனையில் இருவருக்கும் இருபத்தாறு வயதாகிவிட்டது. கிருஷ்ணப்பாவின் விசில் சத்தம் கேட்டது என்று ஆம்ப்ரோஸ் சொன்னார். "எனக்கும் கேட்டுச்சு," என்றார் கிளிஃபர்ட், வகுக்காமலே. சனிக்கிழமை சக்கரங்களை யாரும் தொடவில்லை. கோந்து இறுகவேண்டுமே.

ஞாயிறு காலை ஏரிமேல் பனி கலையவில்லை. இருவரும் புயலாய்ப் பறந்தார்கள். அதாவது நாயை நடத்திக்கொண்டு போன ஒரு அம்மாள் மட்டும்தான் அவர்களை முந்தினாள். டயர்கள் தார் மேல் அந்தப் பழைய ரீங்காரத்தை எழுப்பின. தேனீக் கூட்டம் தாலாட்டுப் பாடுகிற மாதிரி ஒரு சத்தம். அதைக் கேட்டு எத்தனை வருடம்!

குருத்வாரா திருப்பம் வந்தது. கிளிஃபர்ட் ஒரு சைக்கிள் தூரம் முன்னால் இருந்தார். ஆம்ப்ரோஸின் கண் அவர் விரல்களிலேயே இருந்தது. அவை பிரேக்குக்குப் போகவே இல்லை. தோளெலும்பு முறிந்த அதே இடத்தில், அந்த மனிதர் சைக்கிளை இடப்பக்கம் சாய்த்து, உடம்பின் பாரத்தையெல்லாம் ஆம்ப்ரோஸ் ஒட்டிய டயரின் மேல் போட்டுத் திரும்பினார். டயர் கற்பாறை மாதிரி நின்றது. ஆம்ப்ரோஸுக்குக் கண் மறைத்தது. பனி என்று அப்புறம் சொல்லிக்கொண்டார்.

படகுத்துறையில் கிளிஃபர்ட் கால் ஊன்றிக் காத்திருந்தார், மூச்சிரைக்க, முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னா மேன், அவ்ளோ பின்னாடி? திருப்பத்துல பிரேக் புடிச்சியா?"

"புடிச்சேன்."

"எதுக்கு? உன்னுதை நான்தானே ஒட்டினேன்?"

"அதனாலதான்டா புடிச்சேன், வின்னர் சார்," என்றார் ஆம்ப்ரோஸ்.