இரண்டு விசில்

மார்ச் 9, வியாழன். நேற்றைய பிழை: ஏரி என்று எழுதிவிட்டேன். அது ஏரி இல்லை, அணைக்குப் பின்னால் தேங்கி நிற்கும் தண்ணீர்.

இதை எழுதி முடித்துப் பேனாவை மூடப் போனபோதுதான், தான் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. எதிரே இருந்த கதவுக்குப் பின்னால் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். டாக்டர் வந்து சொல்லிவிட்டுப் போய் அதிக நேரம் ஆகவில்லை. அந்த நிலையிலும் கை தன்பாட்டுக்குப் பையைத் திறந்து நாட்குறிப்பை எடுத்திருக்கிறது. முந்தின நாளின் பிழையை முதல் வரியில் எழுதிவிட்டால் மிச்சத்தைப் பொய்யில்லாமல் எழுதலாம் என்று, ஊரில் போய்க்கொண்டிருந்த மாலை எழுத்து வகுப்பில் பழக்கியிருந்தார்கள். பழக்கம் அப்பா செத்ததற்காக நிற்கவில்லை. ஏரியா தேக்கமா என்பது இப்போது யாருக்கு வேண்டும்? வெட்கத்தோடு நாட்குறிப்பைப் பைக்குள் திணித்தாள். விரல் அடியில் கிடந்த விசிலில் பட்டது. சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள்.

அடுத்த நாற்காலியில் அம்மா போனில் சித்தியோடு பேசிக்கொண்டிருந்தாள். அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தது. ராத்திரி நன்றாகச் சாப்பிட்டதையும், காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து இரண்டு சைக்கிளையும் துடைத்து வைத்ததையும் சொல்லிக்கொண்டு வந்தவள், ஒரு இடத்தில் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்:

“நான் கீழ வேன்லயே உக்காந்திருந்தேன். மேலேர்ந்து ரெண்டு விசில் கேட்டுச்சு. சரி, அப்பனும் பொண்ணும் ஜாலியாத்தான் போய்க்கிட்டிருக்காங்கன்னு நெனச்சேன். கடைசியா என் காதுல விழுந்தது அதுதான்.”

யார் போன் செய்தாலும் அம்மா இதைச் சொன்னாள். வெயிலில் நடந்து வந்தவள் ஒரு மரத்தடியில் உட்காருவதுபோல் ஒவ்வொரு முறையும் அந்த இடத்துக்கு வந்ததும் அவள் குரல் கொஞ்சம் ஆறியது. மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். நாட்டின் மறுகோடியில் அண்ணனுக்கு வேலை கிடைத்து, வீட்டையே பெயர்த்துக்கொண்டு போவதென்று முடிவானபோது, சாமான்களை லாரியில் அனுப்பிவிட்டு நால்வரும் வேனில் போகலாம் என்று சொன்னவர் அவர்தான். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். வேனுக்குப் பின்னால் இரண்டு சைக்கிளைக் கட்டிக்கொண்டு வர வேண்டும்.

“பஸ்ல இருந்த அத்தன பேரும் ஜன்னல் வழியா வேடிக்க பாத்துக்கிட்டு வந்தாங்க. நான் ஒருத்தன்தான் நேராவே பாத்துக்கிட்டிருந்தேன்” என்றார். “இனிமேயாவது கொஞ்சம் பக்கவாட்டுல பாக்கணும்.”

எங்கே சைக்கிள் விடுவது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. மாலையில் ஒரு லாட்ஜில் தங்கியதும் மறுநாள் போகிற வழியைப் போனில் விரித்துவைத்துக்கொள்வாள். நெடுஞ்சாலையிலிருந்து ஒதுங்கிப் போகும் சின்னச் சாலைகள், நிழல், தண்ணீர், வேன் நின்று காத்திருக்க ஓர் இடம். பிறகு கீழே இறங்கிப் போய் டீக்கடையிலும் வரவேற்பு மேசையிலும் விசாரித்து உறுதி செய்துகொள்வாள். அப்படித்தான் வாத்துகள் வழிவிட மறுத்த கால்வாய்க் கரை கிடைத்தது. தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டுப் பாதையாக விட்டிருந்த பழைய ரயில் தடம் கிடைத்தது. அதன் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் அப்பா, “கண்டக்டர், உள்ள லைட்டப் போடு” என்று குரல் கொடுக்க, சுரங்கம் அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னது. அண்ணன் மட்டும் தினமும் முணுமுணுப்பான். இந்த வேகத்தில் போனால் தான் வேலையில் சேருவதற்குள் தனக்கே ஓய்வு பெறும் வயது வந்துவிடும் என்பான். ஆனாலும் அவர்கள் திரும்பி வரும்வரை வேனில் சாய்ந்து தூங்கிக் காத்திருப்பான்.

முதல் நாள் அவள் பின்தங்கி, நில்லுங்கப்பா நில்லுங்கப்பா என்று கத்தியது காற்றில் போய்விட்டது. அன்றைக்கே அப்பா ஒரு கடையில் விசில் வாங்கி அவள் கழுத்தில் மாட்டிவிட்டார்.

“ஒண்ணு குடுத்தா நிப்பேன். ரெண்டு குடுத்தாப் போவேன். நடுவுல வாயால கத்தற வேலையெல்லாம் வேணாம். டிரைவர்கிட்ட பேசக் கூடாதுன்னு எழுதியிருக்குமே, நீ படிச்சதில்ல?”

விளையாட்டுதான். ஆனால் அப்பா அதை விளையாட்டாக ஆடவில்லை. தண்ணீர் குடிக்க அவராகவே நின்றாலும் சரி, பின்னாலிருந்து இரண்டு விசில் வராமல் பெடலில் கால் வைக்க மாட்டார். விசில் வந்ததும் ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு மிதிப்பார். வீட்டில் தான் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காத மனுஷன் மகள் ஊதினால் கேட்கிறார் பார் என்று அம்மா சொல்லிக் காட்டுவாள். நீ பயணி, பயணி சொன்னால் வண்டி நிற்காது என்பார் அப்பா.

நேற்று லாட்ஜ் காவலாளி சொன்ன பாதைதான் இன்று காலை போனது. மலையோரமாக ஏறும் சாலை. மேலே ஒரு வளைவில் நின்றால் தேக்கம் முழுக்கத் தெரியும், விடியற்காலையில் தண்ணீர் மேல் பனி படுத்திருக்கும், வெயில் ஏறிவிட்டால் கலைந்துவிடும் என்று அவர் சொல்லியிருந்தார். முந்தியே எழுந்துவிட்ட அப்பாவைத் தவிர மற்ற இருவரையும் அவள் இருட்டோடு எழுப்பிவிட்டாள். வேனிலிருந்து சைக்கிளை இறக்கிவைத்த அப்பா இடது தோளைத் தேய்த்துக்கொண்டார். என்னப்பா என்று கேட்டாள். படுக்கை சரியில்லை என்றார். அவள் அதோடு விட்டுவிட்டாள். வானம் வெளுக்கத் தொடங்கியிருந்தது.

ஏற்றத்தின் பாதியில் ஒரு சிறிய பாலம். அப்பா வேகம் குறைந்து, பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஒரு காலை ஊன்றி நின்றார். அவள் நன்றாகக் கீழே இருந்தாள். அவர் முதுகு ஏறி இறங்குவது அங்கிருந்தே தெரிந்தது. ஒருபோதும் திரும்பிப் பார்க்காதவர் திரும்பி அவளைப் பார்த்தார். விசில் அவள் உதட்டில் இருந்தது. ஒரு முறை ஊதினால் போதும், அங்கேயே இருப்பார், அவளும் போய்ச் சேர்ந்துகொள்வாள். ஆனால் மரங்களின் உச்சியில் வெயில் விழுந்துவிட்டது. வளைவோ அவருக்கு முன்னால் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு அதைப் பார்க்காமல் விடுவதா என்றுதான் நினைத்தாள். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை.

இரண்டு ஊதினாள்.

அப்பா கையைத் தூக்கிக் காட்டினார். மிதித்தார்.

அவள் வளைவுக்கு வந்தபோது அவருடைய சைக்கிள் ஓரமாக, ஸ்டாண்ட் போட்டு நின்றது. அப்பா ஒரு கல்லில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். கீழே பனி இன்னும் கலையாமல் தண்ணீரை மூடியிருந்தது. ஆனால் அவர் முகம் சாலையைப் பார்த்துத்தான் இருந்தது.

தாழ்வாரத்தில் அந்த இளம் டாக்டர் மறுபடி எதிர்ப்பட்டபோது அவள் எழுந்து போய்க் கேட்டாள். பாதியில் நின்றிருந்தால் பிழைத்திருப்பாரா என்று. டாக்டர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம், மாரடைப்பு வீட்டில் தூக்கத்தில்கூட வந்திருக்கும், சொல்ல முடியாதும்மா என்றார். இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்துத்தான் எழுந்து போயிருக்கிறோம் என்பது நாற்காலிக்குத் திரும்பி வந்தபிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

மதியத்துக்கு மேல் அண்ணன் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் எல்லாம் போட்டுவிட்டு வந்தான். அப்பாவைச் சொந்த ஊருக்கே திருப்பிக் கொண்டுபோவது என்று அம்மாவும் அவனும் பேசி முடித்திருந்தார்கள். மறுநாள் காலையில் ஏழு மணிக்கு அமரர் ஊர்தி கிளம்பும். அம்மா அதில் வருவாள், அண்ணனும் தங்கையும் வேனில் பின்னால் போக வேண்டும்.

வாசலில் அண்ணன் சைக்கிள்களை வேனின் பின்பக்கம் ஏற்றி வாரைப் போட்டு இறுக்கினான். அப்பா ஒரு நாளும் அவனை இறுக்க விட்டதில்லை, தளர்வாகக் கட்டுகிறான் என்பார். இன்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தான்.

“நீ போறப்ப ஸ்டாண்ட் போட்டா நின்னுச்சு இது?”

“ஆமாண்ணா.”

“அப்பன்னா அவராத்தான் எறங்கியிருக்காரு. விழல.” வாரின் நுனியை மடித்துச் செருகினான். “விழலல்ல?”

“விழல.”

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். பாலத்தைப் பற்றிச் சொல்லத்தான் அவள் அவன் பின்னாலேயே வந்திருந்தாள். அம்மாவும் அவனும் ஆளுக்கொரு துண்டாக அந்தக் காலையை எடுத்து மடியில் கட்டிக்கொண்டுவிட்டார்கள். அதைப் பிடுங்குவதா? சைக்கிளின் பின்சக்கரத்தைப் பிடித்து, சுற்றாமல் நிறுத்தினாள். சும்மாதான் சுற்றிக்கொண்டிருந்தது.

லாட்ஜ் அறையில் பொழுது சாயும் நேரம். அம்மா அப்பாவின் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். மகள் கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்து, மடித்ததை வாங்கி அடுக்கினாள். அம்மா ஒரு சட்டையை எடுத்துக் காலரைத் தடவிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள்:

“கெளம்பறப்ப ஒரு தடவ ரெண்டு விசில் குடுத்தே. நான் பக்கத்துலதான் நின்னேன்.”

“ஆமாம்மா.”

“அப்புறம் மேலேர்ந்து இன்னொரு தடவ.”

அவள் அடுக்கியிருந்த துணிகளின் ஓரத்தைச் சரிசெய்தாள்.

“ஓடற வண்டிக்கு யாரும் ரெண்டு விசில் குடுக்க மாட்டாங்க” என்றாள் அம்மா. “காலைலேர்ந்து எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டே இருக்கேன். இப்பத்தான் யோசிக்கறேன். நடுவுல நின்னாரா?”

இல்லை என்று சொல்லிவிடலாம். ஜாலிக்காக ஊதினேன் என்று சொல்லலாம். சொன்னால் அம்மா நம்புவாள், நம்பத்தான் கேட்கிறாள் என்றும் அவளுக்குத் தோன்றியது.

“நின்னாரும்மா. பாலத்துல கால ஊணிக்கிட்டு நின்னாரு. என்னத் திரும்பிப் பாத்தாரு.”

“ஏதாவது சொன்னாரா?”

“சொல்லல. கையத் தூக்கினாரு. போயிட்டாரு.”

அம்மா சட்டையின் கைகளைப் பின்னால் மடித்தாள். மறுபடி பிரித்து, மடிப்பு நேராக வரும்படி திரும்ப மடித்தாள். முடித்துவிட்டு மகளிடம் நீட்டினாள். மகள் வாங்கி அடுக்கினாள். அப்புறம் ஒரு வேட்டி, ஒரு பனியன், துண்டு. அம்மா எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போன் அடித்தது. பெரியம்மா. அம்மா எடுத்து, ராத்திரி சாப்பிட்டதைச் சொன்னாள், சைக்கிள் துடைத்ததைச் சொன்னாள், வேனில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். அந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள். மறுமுனையில் பெரியம்மா ஹலோ ஹலோ என்பது வெளியே கேட்டது.

“அவ்வளவுதாங்க்கா” என்றாள் அம்மா.

கதவைத் தட்டிவிட்டு அமரர் ஊர்தி டிரைவர் எட்டிப் பார்த்தார். நடுத்தர வயது. செருப்பைத் தள்ளி விட்டுவிட்டு வாசலிலேயே நின்று பேசினார். வண்டியைக் கொண்டுவந்து ஆஸ்பத்திரி வளாகத்தில் நிறுத்தியாயிற்று, ஐஸ் எல்லாம் பார்த்துக்கொள்வார்கள், மலையிறக்கத்தில் மெதுவாகத்தான் ஓட்டுவேன், பயப்படாதீர்கள் என்றார்.

“காலைல நீங்க ஒரு வார்த்த சொன்னதும் எடுத்துடறேம்மா.”

“நாங்க சொல்ல மாட்டோம்” என்றாள் அம்மா.

அவர் புரியாமல் பார்த்தார்.

“அவரு பஸ் ஓட்டினவரு. வாயால சொன்னா எடுக்க மாட்டாரு. ரெண்டு விசில் குடுத்தாத்தான்.” பெட்டியின் மூடியைச் சாத்தி, கொக்கியை அமுக்கினாள். “நீங்களும் விசில் கேட்டுட்டு எடுங்க.”

“சரிம்மா. யாரு குடுப்பாங்க?”

அம்மா திரும்பவில்லை. மோவாயால் கட்டிலின் மறுமுனையைக் காட்டினாள்.

“கண்டக்டர் இருக்கா.”

அப்பாவைத் தவிர வேறு யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. டிரைவர் அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். அம்மா முகம் கழுவக் குளியலறைக்குப் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் வெகுநேரம் விழுந்துகொண்டே இருந்தது.

அவள் பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்தாள். விசிலையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். பக்கத்தைத் திருப்பி, மறுநாள் தேதியைப் போட்டு, முறைப்படி முதல் வரியைத் தொடங்கினாள். நேற்றைய பிழை என்று எழுதி, பக்கத்தில் இரண்டு புள்ளிகள் வைத்தாள். பேனா அங்கேயே நின்றது. அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு, அதற்கடுத்த வரியில் எழுதினாள்:

காலை ஏழு மணிக்கு வண்டி கிளம்புகிறது. இரண்டு விசில் கொடுக்க வேண்டும்.